முழு உதவித்தொகை குறித்து ஒரு திருத்தம்
அமெரிக்காவில் பிள்ளையை ஊர் ஊராகச் சென்று ஆடும் பேஸ்பால் அணியொன்றில் சில ஆண்டுகள் சேர்த்துவிட்டால் கல்லூரிச் செலவு முழுவதும் உதவித்தொகையிலேயே தீர்ந்துவிடும் என்று சொல்லப்படுவது சரியன்று. உயர்நிலைப்பள்ளி வீரர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரே கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை பெறுவதாக, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே சொல்லிவந்திருக்கிறது. அவர்களிலும் முழுத்தொகை பெறுவோர் குறைவு. அந்த அமைப்பின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவு பேஸ்பாலில், ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகை என்பதே பல்லாண்டுகளாக உச்சவரம்பாக இருந்தது. பயிற்சியாளர்கள் அதை இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பங்கிட்டதால், பலருக்குக் கிடைத்தது கால் பங்கோ அரைப் பங்கோதான். (பெற்றோர் பலர் 'உதவித்தொகை கிடைத்தது' என்று மட்டும் சொல்வார்கள், எவ்வளவு என்று சொல்வதில்லை.) விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ.மீது தொடுத்த வழக்கில் 2025இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த வரம்பு நீங்கி, அணிக்கு 34 பேர் என்னும் வரம்பு வந்தது உண்மையே, ஆனால் அது கூடுதலாகக் கொடுப்பதற்கான அனுமதியே தவிர, கொடுத்தாக வேண்டும் என்னும் கட்டாயமன்று. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிலும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் குழுவான ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது.