அந்த வீட்டைப் பெரிதாக்கிவிடாதீர்கள்

விருதுநகரில் காமராஜர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், "ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவர் வீடு இவ்வளவு சின்னதா இருக்கே! பக்கத்து இடத்தையும் வாங்கிப் பிரம்மாண்டமா கட்டணும்" என்று ஆதங்கப்பட்டார். அன்பில் சொன்னதுதான். ஆனாலும் அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

குழாய்க் கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மகன் முதலமைச்சர், தாயார் சிவகாமி அம்மாள் அந்த வீட்டில். தெருவே பொதுக்குழாயடியில் குடத்தோடு நிற்கையில், நகராட்சி அந்த அம்மாவுக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே குழாய் போட்டுக் கொடுத்தது. காமராஜர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். எளிமைக்கு உதாரணம் என்று மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு இதில் அந்த நகராட்சிதான் நெஞ்சில் நிற்கிறது. 1941-ல் அவர் சிறையில் இருந்தபோதே தலைவராகத் தேர்ந்தெடுத்த நகராட்சி அது. விடுதலையாகி வந்தவர் அந்தப் பதவியை விட்டுவிட்டார். அப்படிப்பட்டவருக்குத் தன்னால் ஆனதைச் செய்வோம் என்று ஊர் ஆசைப்பட்டிருக்கும். அதையும் வேண்டாம் என்றார். (1967-ல் அதே விருதுநகரில் 1,285 வாக்குகளில் அவர் தோற்றதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.)

இப்போது யோசியுங்கள். பக்கத்து வீடுகளை இடித்து, பளிங்குத் தரை போட்டு, நீரூற்று வைத்துவிட்டால், அங்கே வந்து நிற்கும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்தக் குழாய் ஏன் பிடுங்கப்பட்டது என்று எப்படிப் புரியும்? பக்கத்து வீட்டு வாசல் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தால்தானே அந்தக் கதைக்கு உயிர்!

மண்டபம் வேண்டுமென்றால் கன்னியாகுமரியில் இருக்கிறது. சென்னை தியாகராய நகரில் 1975 அக்டோபர் 2 அன்று அவர் உயிர் பிரிந்த வீடும் நினைவு இல்லமாக இருக்கிறது; அவர் குடியிருந்த காலத்தில் அது வாடகை வீடு. அவருடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது விருதுநகரின் இந்தப் பூர்வீக வீடுதான்.

ஒழுகினால் ஓட்டையை அடையுங்கள். சுவர் உதிர்ந்தால் பூசுங்கள். அதற்குக் காசு செலவழியட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. அளவில் மட்டும் கை வைக்காதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால், அந்தக் காலத்துப் பொதுக்குழாய் தெருவில் எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்து, அந்த இடத்தில் ஒரு கல் நடுங்கள். வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் அதுவரைக்கும் நடந்து போய்த் திரும்பட்டும்.