பிரஸ்ஸல்ஸ்ல குடிச்ச பீரும் எங்கூரு மூத்த கள்ளும்

போன வருஷம் கம்பெனி வேலையா மூணு மாசம் ஜெர்மனில கொலோன் பக்கத்துல இருந்தேங்க. நான் கேரளா எல்லையில பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைக்காரன், தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்ற ஆளு, புது மெஷின் ட்ரெயினிங்குக்குன்னு அனுப்பி வச்சாங்க. மொத ரெண்டு வாரம் சூப்பர் மார்க்கெட்ல எது கண்ணுல படுதோ அந்த பீரை வாங்கி ரூம்ல வச்சு குடிச்சுட்டு இருந்தேன். அதைப் பாத்துட்டு கூட வேலை செஞ்ச ஒரு பெரியவரு, இந்த ஊருக்கு வந்துட்டு பாட்டில்ல குடிக்கிறியே வான்னு சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரே கூட்டிட்டுப் போனாரு.

அந்த ஊரு பீருக்குப் பேரு கோல்ஷ். சின்னதா ஒல்லியா 200 மில்லி கிளாஸ்ல வரும். பரிமாறுறவருக்கு கோபெஸ்னு ஒரு தனிப் பேரே இருக்கு. கிளாஸ் காலியானா நாம கேக்காமயே அடுத்தது வந்துரும், கிளாஸுக்கு அடியில வைக்கிற அட்டையில பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுப் போவாரு, போதும்னா அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல மூடணும், அவ்வளவுதான், வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம். கடைசில கோட்டை எண்ணி காசு. கிளாஸ் சின்னதுங்கிறதால கடைசி மடக்கு வரைக்கும் சில்லுன்னு நுரையோட இருக்கு, பெரிய மக்குல வாங்கி வெதுவெதுன்னு ஆக விட்டுக் குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க.

அப்ப அந்தப் பெரியவரு ஒரு விஷயம் சொன்னாரு. 1986-ல அந்த ஊரு பீர் காய்ச்சுறவங்க எல்லாம் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்களாம், கொலோன்லயும் அதை ஒட்டின சில எடத்துலயும் காய்ச்சுறதை மட்டுந்தான் கோல்ஷ்னு சொல்லலாம், வேற யாரும் அந்தப் பேரத் தொடக்கூடாதுன்னு. எனக்கு உடனே நெனப்புக்கு வந்தது நம்ம பக்கத்துக் கதைதான். அதுக்கு அடுத்து வந்த 1987 ஜனவரி 1-ல இருந்துதான் தமிழ்நாட்டுல கள்ளுக்குத் தடை. ஒரு ஊரு தன்னோட குடியைப் பேரு போட்டு காப்பாத்துன அதே சமயத்துல நம்ம ஆளுங்க பானைய ஒடச்சுட்டு மரத்தை விட்டு எறங்குனாங்க. அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூக்கமே வரல.

அதுக்கப்புறம் லீவு நாள்ல எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் மொத வேலை, இங்க காய்ச்சுறது எதுன்னு கேக்குறதுதான். ஜெர்மனிலயே பாம்பெர்க்னு ஒரு ஊருக்குப் போனேன், ஷ்லெங்கெர்லான்னு ஒரு பழைய எடம், பீச் (beech) மரத்துப் புகையில மால்ட்டை, அதாவது மொளைக்க வச்ச தானியத்தை, காய வச்சு காய்ச்சுற பீர், வாயில வச்சதும் கருவாட்டை அடுப்புல சுட்ட மாதிரி ஒரு வாசம். எனக்குப் புடிச்சது, கூட வந்த பையனுக்குச் சுத்தமா புடிக்கல.

ஆனா நான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்ததே பெல்ஜியம் தலைநகரம் பிரஸ்ஸல்ஸ்க்காக. கொலோன்ல இருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம். ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போற தூரத்துல கான்டியோன்னு ஒரு பீர் காய்ச்சுற எடம், 1900-ல ஆரம்பிச்சது, உள்ள போயே சுத்திப் பாக்கலாம். அங்க செய்யுறது லாம்பிக்னு ஒரு வகை. கோதுமையும் பார்லி மால்ட்டும் சேத்துக் காய்ச்சுன சாறை மச்சுல இருக்குற ஒரு பெரிய செம்புத் தொட்டில ஊத்துறாங்க. ஆழமே இல்லாத தட்டு மாதிரி அகலமான தொட்டி. ராத்திரி முழுக்க அப்படியே தொறந்து கெடக்கும். ஈஸ்ட்டுன்னு தனியா ஒண்ணுமே போடுறதில்ல. காத்துல, கூரையில, பழைய மரத்துல இருக்குற ஈஸ்ட்டே வந்து எறங்கி அதைப் புளிக்க வைக்குது. அதனால குளிர் மாசத்துல மட்டுந்தான் காய்ச்சுவாங்க, வெயில் காலத்துல வேண்டாத கிருமியும் சேந்துரும்னு. செலந்தி வலையக்கூட அடிக்கிறதில்ல, பூச்சிய அது பாத்துக்கும்னு விட்டு வச்சிருக்காங்க. அப்புறம் மரப் பீப்பாய்ல வருஷக்கணக்கா கெடக்குது, ஒரு வருஷத்தது ரெண்டு வருஷத்தது மூணு வருஷத்தது கலந்து பாட்டில்ல அடைச்சா அதுக்குப் பேரு கூஸ்.

சுத்திப் பாத்து முடிச்சதும் ஒரு கிளாஸ் கலக்காத லாம்பிக் குடுத்தாங்க. நுரை இல்ல. ஒரு மடக்கு குடிச்சேன். எங்க தோப்புதாங்க! காலையில எறக்கி சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்த மூத்த கள்ளோட அதே புளிப்பு, அதே நாட்டு வாசம், தொண்டைக்குள்ள போனப்புறம் மூக்குல ஏறுற அதே காரம். எங்க அப்பாரு திண்ணைல உக்காந்து செம்புல குடிப்பாரு, சின்னப்ப ஒரு தடவை நாக்குல நனைச்சுப் பாத்திருக்கேன், முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு ஏழு கடல் தாண்டி அது திரும்பி வருது. கண்ணு கலங்கிருச்சு, சொல்றதுக்கு எனக்கு வெக்கம் இல்ல.

யோசிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே வேலைதானே. பாளையக் கட்டி, எலும்பால மெதுவா தட்டிப் பதப்படுத்தி, காலையும் சாயங்காலமும் ஏறிச் சீவி விட்டா சொட்டுச் சொட்டா பானையில எறங்குது, நம்ம கள்ளுலயும் யாரும் ஈஸ்ட்டு போடுறதில்ல, காத்துலயும் பானையிலயும் இருக்குறதே வந்து சேருது. அவங்க அதுக்கு வருஷக்கணக்கா காத்திருக்காங்க, நமக்கு ஒரு பகல் போதும். பெல்ஜியத்து பீர் கலாச்சாரத்தை 2016-ல யுனெஸ்கோ மனித குலத்தோட அருவமான கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்திருக்கு. எங்க சித்தூர் தாலூகாவுல எறக்குற கள்ளுதான் கேரளால பல ஜில்லாவுக்கு வண்டி வண்டியா போகுது, ஆனா ஷாப்புல போய் இது எந்தத் தோப்புக் கள்ளு, எப்ப எறக்குனதுன்னு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்றதில்ல. அங்க பாட்டில்ல அடைச்ச தேதி மொதக்கொண்டு இருக்குது.

கலப்படம் இருக்கே சார்னு கேப்பீங்க. இருக்கு. பக்கத்து ஊரு ஷாப்பு ஒண்ணுல குடிச்சுட்டு நானே ரெண்டு நாள் தலைவலியோட படுத்திருக்கேன். ஆனா யாரு எறக்குனது எங்க எறக்குனதுன்னு தெரியாம போனதாலதானே கலக்குறவனுக்குத் தைரியம் வருது? ஷாப்பு வாசல்ல ஒரு பலகை, அதுல தோப்பு பேரு, மரம் ஏறுன அண்ணன் பேரு, எறக்குன நேரம், சாக்பீஸ்ல எழுதி வச்சாப் போதும். மரம் ஏறுறவங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கவே யோசிக்கிறாங்க இன்னைக்கு, பையனுங்க எல்லாம் வேற வேலைக்குப் போய்ட்டாங்க. கான்டியோன்ல காய்ச்சுறவரை ஊரே மரியாதையா பாக்குது. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கத்துல இருந்து கள்ளு குடிக்க வர்ற மனுஷன் திருடன் மாதிரி துண்டப் போத்திக்கிட்டு வர்றாரு, பிரஸ்ஸல்ஸ்ல எனக்கு எதிர் டேபிள்ல எழுபது வயசு தம்பதி, ஒரே ஒரு பாட்டில் கூஸை கூடையில சாய்ச்சு வச்சு ஒரு மணி நேரம் பேசிப் பேசி குடிச்சாங்க.

வெளிநாடு போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஏர்போர்ட்ல விளம்பரம் போட்டிருக்குற பீர் எல்லா ஊர்லயும் கெடைக்கும், அதை விட்டுருங்க. தங்குற எடத்துல கூட்டிப் பெருக்குற அம்மாகிட்ட, ரொட்டிக் கடைக்காரர்கிட்ட, நீங்க எங்க போய் குடிப்பீங்கன்னு கேளுங்க. போனதும் முழு கிளாஸ் வாங்காம சின்னக் கிளாஸ்ல ஆரம்பிங்க, எப்படிச் செய்றீங்கன்னு கேளுங்க, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா உக்காந்து கதையே சொல்லுவாங்க.

கொலோன் பெரியவரு வர்ற ஜனவரில அவரு வீட்டம்மாவோட கேரளா வர்றாரு. நேரா எங்க வீட்டுக்குத்தான். ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போகப்போறதில்ல, காலையில ஏழு மணிக்குத் தோப்புக்கே போய் மரத்தடில நிக்கப்போறோம், எறங்குன ஒடனே இனிப்பா இருக்குறதை மொதல்ல ஒரு வாய், அப்புறம் அதே பானையில எடுத்து வச்சதை மத்தியானம் ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய், கூட கப்பையும் மீன் கறியும். மரம் ஏறுற அண்ணன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன், அன்னைக்குப் புதுப் பானை கட்டுறேன் தம்பின்னு சொல்லியிருக்காரு.