பாதி ஆசனம் என்றால் பாதி வாக்கா?
பழைய ஆளுங்கட்சிகளை வீட்டுக்கு அனுப்பிய 2024 நவம்பர் இலங்கைப் பொதுத் தேர்தலில், யாழ்ப்பாணத்திலும் பாதிப் பேர் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குத்தான் போட்டார்களாம், ஆறில் மூன்று ஆசனம் எடுத்ததே சாட்சியாம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இந்தக் கதையைத் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தேங்காய் வாங்கப் போன இடத்திலும் கேட்டேன்.

பிழை. தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,830 வாக்கு, செல்லுபடியானதில் கிட்டத்தட்ட 25 வீதம். பிறகெப்படி மூன்று? மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஓர் ஆசனம் போனஸாகப் போய்விடும், 5 வீதம் எடுக்காதவர்களின் வாக்கைக் கழித்துவிட்டு மிச்ச ஐந்தைப் பங்கிட்டதில் இரண்டு வந்தது. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகத் தேர்தல் கேட்டதும் கைகொடுத்தது, 63,327 எடுத்த தமிழரசுக் கட்சிக்கே ஒன்றுதான். அதற்காக வெற்றியே பொய் என்று கிளம்பவும் வேண்டாம், முதலிடம் அவர்களுக்குத்தான்.