முதல் குடம் மட்டும் நாறினால்

போன மாசம் ஒருநாள் விடியக்காலம் அஞ்சு மணிக்குக் குழாயைத் திறந்தால், முதல் குடத்துத் தண்ணியில் நாத்தம். கலங்கல் இல்லை, நிறம் மாறவில்லை, மூக்குக்கு மட்டும்தான் தெரிந்தது. "ரெண்டு குடம் போக விடுங்க, சரியாயிரும்" என்றாள் வீட்டுக்காரி. சரியாகவும் ஆனது. எனக்குப் பயம் வந்ததே அதனால்தான். ஆற்றிலிருந்தே கெட்டு வந்திருந்தால் கடைசிக் குடம் வரைக்கும் நாறியிருக்கும். முதல் குடம் மட்டும் நாறினால், ராத்திரி குழாய் காலியாகக் கிடந்தபோது தெருவுக்குள்ளேயே எதுவோ உள்ளே இறங்கியிருக்கிறது.

மூணு நாள் அலைந்த பிறகு ஒரு ஃபிட்டர் வந்து வாசலில் தோண்டினார்.

"இங்கன பாருங்க அண்ணாச்சி."

எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வளையும் இடத்து எல்போவில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஓட்டை. அதன் மேல் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கம்பியால் முறுக்கி வைத்திருந்தது. பாதாள சாக்கடைக்கு வீட்டு இணைப்பு கொடுக்கத் தோண்டிய அன்று கடப்பாரை பட்டிருக்க வேண்டும். பட்டவர் டியூப்பைச் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஒரு சாண் மேலே சாக்கடைக் குழாய். அதன் ஜாயின்ட்டைச் சுற்றி மண் கறுத்து ஈரமாக இருந்தது.

"குடிக்கிற பைப்பு கீழ, கக்கூஸ் பைப்பு மேல. வெளங்கும்" என்றார் ஃபிட்டர்.

குடிநீர்க் குழாய் மேலே, சாக்கடைக் குழாய் கீழே, பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி. பொறியாளர்களுக்குத் தெரிந்த பால பாடம் இது. திருநெல்வேலி டவுன் பக்கத்துச் சந்துகளில் தெருவின் அகலமே அவ்வளவு தேறாது என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் குழாய்க்கு மேல் இன்னொரு உறைக்குழாய் போட்டாவது காப்பாற்றலாம். ஆனால் மண் மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்று நாமெல்லாம் கத்துகிறோம். கத்த வேண்டியதுதான். மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் வரைக்கும் போன விவகாரம் அது. பாதாள சாக்கடையே அதற்குத்தானே வந்தது: வீட்டுக் கழிவு வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போகாமல் ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சுத்தமாகட்டும் என்று. திட்டத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ஆற்றுக்குப் போன சாக்கடை இப்போது ஒவ்வொரு வாசலுக்கும் அடியில், குடிதண்ணீருக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஆற்றில் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாது.

நம்ம பங்கையும் சொல்லிவிடுகிறேன். தண்ணி வரும் நேரத்தில் தெருவில் பாதி வீடு குழாயிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறது. மோட்டார் இழுத்தால் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் வெளியே நிற்கிற சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் என் குடத்துக்குள் எதைக் கொண்டு வருகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொட்டை மாடி மழைத்தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் இறக்கிவிட்டு, ஐப்பசி மழையில் மேன்ஹோல் பொங்குகிறது என்று போட்டோ போடுகிறவர்களும் நாம்தான்.

இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி குடிநீரில் ஒரு கோலிஃபார்ம் கிருமிகூட இருக்கக் கூடாது. குழாயின் கடைசி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். சோதிப்பது பெரிய வித்தை இல்லை; சொட்டு மருந்தை விட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும், அவ்வளவுதான். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு நோட்டில் எழுதாமல், தெருக்கோடி வீட்டில் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கண்டிப்பு போதும். தோண்டிய குழியை மூடுமுன் சாக்கடைக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கணும். இரண்டு குழாயும் எங்கே, எத்தனை அடியில் கிடக்கிறது என்று வரைபடம் போட்டு, அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கணும். அது இல்லாமல் ஒப்பந்தக்காரருக்கு பில் பாஸ் ஆகக் கூடாது. ஆற்றுக்குள் கழிவு விடுவதைத் தடுக்க 1974-லேயே சட்டம் வந்துவிட்டது. சைக்கிள் டியூப் சுற்றுவதைத் தடுக்க என்ன இருக்கிறது?

எல்போவை மாற்றிய மறுவாரமே தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டுவிட்டார்கள். போடுவதற்கு முந்தின ராத்திரி காம்பவுண்டுச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்தேன்: 'இங்கிருந்து நாலடி. ஆழம் மூணடி. கக்கூஸ் பைப்பு மேல.' பேரன் படித்துவிட்டுச் சிரிக்கிறான்.