இருப்பது இரண்டே கைகள்தான்

மறுபடியும் மாற்றிவிட்டார்கள். இது மூன்றாவது முறை.

சைக்கிளைச் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதிக் கைப்பிடியில் கட்டிவிட்டு வருகிறேன்: ‘வலக்கை லீவர் முன் பிரேக். தயவுசெய்து மாற்ற வேண்டாம்.’ இன்று எடுக்கப் போனால் சீட்டு கட்டியபடியே தொங்குகிறது. அதில் பட்டிருந்த எண்ணெய்க் கறையைக்கூட யாரோ அக்கறையாகத் துடைத்திருக்கிறார்கள். பிரேக் மட்டும் இடம் மாறிவிட்டது. கேட்டால், “தவறாக மாட்டியிருந்தது சார், சரி செய்துவிட்டோம்” என்று பதில். முகத்தில் உபகாரம் செய்த திருப்தி வேறு. என்னுடையது ஹைட்ராலிக் டிஸ்க், எண்ணெயின் அழுத்தத்தில் இயங்கும் பிரேக். குழாயைக் கழற்றி, மாற்றி மாட்டி, எண்ணெய் நிரப்பி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, இவ்வளவையும் யாரும் கேட்காமலே செய்திருக்கிறார்கள். நான் கேட்டது செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லி. அதைப் பார்க்கவில்லை.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு இதில் என்ன ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கியர் பைக்கில் வலக்கையில் முன் பிரேக், இடக்கையில் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடும் கிளட்ச். பின் பிரேக் காலுக்குப் போய்விடும். சில வருடங்கள் ஓட்டிவிட்டால் இந்த அறிவு மூளையை விட்டு இறங்கி விரல்களில் குடியேறிவிடுகிறது. திடீரென்று ஏதாவது குறுக்கே வந்தால் வலக்கை அளந்து அழுத்தும், இடக்கை அளக்காது. அவசரத்தில் கிளட்சை நிதானமாகப் பிடிப்பவர் யார்? ஒரே இழுப்பு, முழு இழுப்பு. பயிற்சியிலும் அப்படித்தான் பழக்குகிறார்கள்.

சைக்கிளுக்கு வாருங்கள். பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சைக்கிளின் முன் பிரேக் வலக்கையில் இருப்பது வழக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இடக்கையில். எது உயர்ந்தது என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. என் சைக்கிள் ஆலையிலிருந்து வந்தது இடக்கை வகையாக. அதாவது, பைக்கில் கிளட்ச் இருக்கும் அதே இடத்தில், அதே விரல்களுக்குக் கீழே, முன் பிரேக் காத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மாற்றி வைத்தேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டையும் ஓட்டுகிற பலர் செய்துகொள்வதுதான். இதற்கு ‘மோட்டோ’ பாணி என்று ஒரு பெயரே இருக்கிறது.

முதல் முறை அவர்கள் ‘சரி’ செய்தபோது நான் கவனிக்கவில்லை. இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நின்றிருந்த காரின் கதவு படாரென்று திறந்தது. என் இடக்கை கிளட்சைப் பிடித்தது. சைக்கிளில் ஏது கிளட்ச்? முன் சக்கரம் ஆணி அடித்ததுபோல் நின்றது. நான் நிற்கவில்லை.

பறக்கும்போது நினைத்ததல்ல, பிறகு கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து யோசித்தது இது: சைக்கிளின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம் 1 மீட்டர் அளவுதான். அதன் மேல் உயரத்தில், சைக்கிளைப்போல் ஆறேழு மடங்கு எடையோடு ஒரு மனிதன். பிரேக் பிடிக்கிற விசை, ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதியை எட்டினாலே பின் சக்கரம் தரையை விட்டுவிடும். பைக் அப்படியில்லை. கீழே 100 கிலோவுக்கு மேல் இரும்பு இருக்கிறது, சக்கரங்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். நம் முட்டாள்தனத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். சைக்கிள் பொறுக்காது. மூன்று வாரம் இரண்டில் எதையும் தொட முடியவில்லை.

இதையெல்லாம் இன்று அந்த மெக்கானிக்கிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் கடைசியில் கேட்டார்: “பைக்தான் இருக்கிறதே சார், பிறகு எதற்குச் சைக்கிள்?”

இந்தக் கேள்வி! இதைக் கேட்காதவர் இன்னும் பிறக்கவில்லை போலிருக்கிறது. பைக் நண்பர்கள் இதையே நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டு கேட்பார்கள். “பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?” சிரிப்பு. அடுத்த வாரம் அதே ஆள், அதே இடத்தில், அதே “பெட்ரோல் தீர்ந்துவிட்டதா?” மறுபடி சிரிப்பு. சிலர் குரலைத் தாழ்த்தி, “டாக்டர் ஏதாவது சொன்னாரா?” என்று பரிவோடு விசாரிப்பார்கள். சைக்கிள் நண்பர்கள் லேசுப்பட்டவர்களா? நான் பைக்கில் வந்து இறங்கினால் குடிப்பழக்கத்துக்குத் திரும்பியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். உழைக்காமல் வரும் வேகம் வேகமே இல்லையாம். இரண்டு வீட்டுக்கும் மாப்பிள்ளையாகப் போய் இரண்டிலும் சாப்பாடு கிடைக்காதவன் கதை என்னுடையது.

பெட்ரோல் டாங்கில் இருக்கும் பெயரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு திரிகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தப் பெயர்களில் பாதி, சைக்கிள் விற்றுப் பிழைத்தவர்கள் வைத்தவை. ராயல் என்ஃபீல்டு 1901-லும் டிரையம்ப் 1902-லும் முதல் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தன. அதற்கு முன்பே இரண்டும் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தவை. அமெரிக்காவின் ‘இந்தியன்’ மோட்டார் சைக்கிள் கம்பெனியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹெண்டி சைக்கிள் பந்தய வீரர். போர் முடிந்த ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா வண்டித் தொழிலுக்கு வந்ததே, சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தித்தான். ஜெர்மனியில் டைம்லரும் மைபாக்கும் 1885-ல் உருட்டிய முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? மரச்சட்டம். சாய்ந்து விழாமலிருக்க இருபுறமும் குட்டிச் சக்கரங்கள், குழந்தைகள் சைக்கிளில் இருப்பதுபோலவே. அதே 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள் செயினோடு, துணைச் சக்கரம் எதுவும் இல்லாமல், இன்று நாம் ஓட்டுகிற உருவத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

சைக்கிள் குழந்தை விளையாட்டாம். மோட்டோஜிபி என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் வீரர்கள் பலர் பயிற்சிக்குச் சைக்கிளைத்தான் மிதிக்கிறார்கள். 2006-ல் உலகச் சாம்பியன் ஆன நிக்கி ஹேடன் அப்படித்தான் மிதித்தார். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகங்களில் பந்தயம் ஓட்டியவர், 2017-ல் இத்தாலியில் ஒரு சாதாரணச் சாலையில் சைக்கிளில் போனபோது கார் மோதி, சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். அதற்குப் பிறகும் எவனாவது என்னிடம் “சைக்கிளில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

எதற்கு இரண்டும் என்றால், எனக்கு அவை இரண்டாகத் தெரிவதே இல்லை. வளைவில் வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது கைப்பிடியை லேசாக முன்னே தள்ள வேண்டும். பைக்கில் இதைப் பெரிய வித்தைபோல் பேசுவார்கள். சைக்கிளிலும் இதுதான் நடக்கிறது, மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் சைக்கிள் கடை வைத்திருந்தவர். எப்படித் திரும்புகிறீர்கள் என்று அவர் பலரைக் கேட்டுப் பார்த்தாராம். ஒருவராலும் எடுத்த எடுப்பில் சரியாகச் சொல்ல முடியவில்லையாம். பைக் எனக்கு வளைவைக் கற்றுக்கொடுத்தது, சைக்கிள் மேட்டைக் கற்றுக்கொடுத்தது. பைக்கில் மூன்றாம் கியரில் மறந்துபோகிற ஏற்றம் சைக்கிளில் தொடையில் வந்து உட்காரும். மழை ஈரத்தில் பளபளக்கும் வெள்ளைக் கோடு, வளைவில் சிதறிய மணல், பாதாளச் சாக்கடை மூடியின் இரும்பு விளிம்பு எல்லாவற்றையும் எனக்கு முதலில் காட்டியது விரல் பருமன் டயர்தான். இன்று பைக்கில் என் கண் அவற்றைத் தானாகத் தேடுகிறது.

அதனால்தான் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் பைக்காரர்கள்மேல் எனக்கு வருகிற ஆத்திரம் கார்க்காரர்கள்மேல் வருவதில்லை. காரில் இருப்பவருக்குக் காற்று தெரியாது, மேடு தெரியாது. உனக்குத் தெரியுமே! இரண்டு சக்கரத்தில் நிற்பது என்னவென்று தெரிந்தவன் நீ. போன வாரம் ஏற்றத்தில் ஒருவன் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி உரசிக்கொண்டு போனான், காது கிழிய ஹாரனோடு. ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். என்னைப் போன்ற சாதாரண ஆள் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது நூற்றைம்பது வாட் இருந்தால் அதிகம். சின்ன பைக்கிலும் ஏழெட்டுக் குதிரை இருக்கிறது. ஹாரன் அடித்தால் என் காலில் குதிரை முளைக்குமா? ஜெர்மனியில் சைக்கிளைத் தாண்டும் கார்கள் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எனக்குச் சட்டம்கூட வேண்டாம். கைப்பிடியின் அகலத்துக்கு ஒரு மரியாதை கொடுத்தால் போதும்.

அடுத்த சிக்னலில் அவனைப் பிடித்தேன். நெரிசலில் சைக்கிள்தானே முந்தும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் எப்போதும் எனக்கு முன்னால் மிதிக்கிறவன்! “அட, நீங்களா? அடையாளம் தெரியவில்லை” என்றான். தெரிந்திருந்தால் தள்ளிப் போயிருப்பானாம். தெரியாதவனை உரசலாம் போலிருக்கிறது. அதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

(நான் மட்டும் யோக்கியனா? அவசரமாகப் போன ஒரு காலையில், பாரம் கட்டி மிதித்துப் போன பெரியவர் ஒருவரின் பின்னால் இரண்டு முறை ஹாரன் அடித்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது. ஆகவே இந்தப் பத்தியில் என்னையும் சேர்த்தே திட்டிக்கொள்கிறேன்.)

மெக்கானிக்கிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “மறுபடி மாற்றிக் கொடுக்காமல் இங்கிருந்து நகரமாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முனகிக்கொண்டே மாற்றினார். முடிந்ததும் சைக்கிளை முன்னே தள்ளி வலக்கை லீவரை அழுத்தினேன். பின் சக்கரம் மேலே தூக்கியது. நல்லது. சீட்டை அவிழ்த்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இன்னொரு வரியும் எழுதிக் கட்டினேன்: ‘இடக்கையில் இருப்பது கிளட்ச். தொட வேண்டாம்.’

பக்கத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்த பையன் எட்டிப் படித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“சைக்கிளில் ஏது சார் கிளட்ச்?”