31,000 கையெழுத்துகள் குறித்து ஒரு திருத்தம்

நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையைப் பற்றிய பேச்சில், "புவி வெப்பமாதலை மறுத்து 31,000 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டுள்ளனர்" என்று நண்பர் எழுதியிருப்பது தவறான எண்ணத்தைத் தருகிறது. அவர் குறிப்பிடுவது 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆரிகன் மனு. அறிவியல் சார்ந்த இளநிலைப் பட்டம் ஒன்று இருந்தாலே அதில் கையெழுத்திடலாம். அந்த அளவுகோலின்படி ஊட்டி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்த அனைவருமே விஞ்ஞானிகள்தாம். மனுவை நடத்தியவர்கள் தந்த கணக்கிலேயே காலநிலையியலாளர்கள் 39 பேர். மனுவுடன் அனுப்பிய கட்டுரை, அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்ததைப் போன்ற எழுத்துருவிலும் பக்க அமைப்பிலும் அச்சாகியிருந்ததால், தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அக்கழகமே அறிக்கை வெளியிட நேர்ந்தது. மனுவுக்கு முகப்புக் கடிதம் எழுதிய இயற்பியலாளர் ஃபிரெடரிக் சைட்ஸ், முன்னர் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் நிறுவனத்திடம் ஊதியம் பெற்ற ஆலோசகர். அவர் தலைமை வகித்த ஜார்ஜ் மார்ஷல் நிறுவனம் என்ற கொள்கை ஆய்வு அமைப்பு, எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபிலின் நிதியையும் பெற்றது. அதே எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகளோ, கரியமில வாயுவால் வெப்பம் எவ்வளவு உயரும் என்று 1982லேயே உள்ளறிக்கையில் கணித்திருந்தனர். ஒரு நாள் மழையை மட்டும் கொண்டு எதையும் நிறுவ இயலாது என்று நண்பர் சொன்னது சரியே. அதற்கு இந்த மனுவைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை.