சிகரெட்டை மைதானத்தை விட்டுத் துரத்திய நாடு இது

சொல்ல வந்ததை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் விளையாட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் பந்தய விளம்பரங்களை, அதாவது ஆட்டத்தின் மேல் பணம் கட்டச் சொல்லும் சூதாட்ட விளம்பரங்களை, முழுசாக நிறுத்த வேண்டும். எண்ணிக்கையைக் குறைப்பதும் நேரத்தை மாற்றுவதும் போதாது.

இப்போதைய ஏற்பாட்டைப் பாருங்கள். 2018-ல் வந்த விதிப்படி, நேரடி ஆட்டத்தின் நடுவே காலை 5 முதல் இரவு 8.30 வரை பந்தய விளம்பரம் கூடாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) தொடங்குவதே ஏழரைக்கு மேல்தான். எட்டரைக்கு ஆட்டம் பாதிகூடத் தாண்டியிருக்காது. மறுநாள் பள்ளி இல்லாததால் பிள்ளைகளும் சோபாவில்தான் இருப்பார்கள். அந்த நேரத்தில் வருகிற விளம்பரத்தில் நாலு இளைஞர்கள், கையில் போன், ஒரே கும்மாளம். முதல் கோல் யார், எத்தனை புள்ளி வித்தியாசம் என்று நாலைந்தைச் சேர்த்து ஒரு 'மல்டி' கட்டுகிறார்கள். அதில் ஒன்று தவறினாலும் போட்ட பணம் மொத்தமும் போச்சு. கம்பெனிக்குக் கொழுத்த லாபம் தருவதும் இந்த மல்டிதான். கடைசி இரண்டு நொடியில், தோற்கத்தான் வாய்ப்பு அதிகம் என்கிற மாதிரி ஒரு கட்டாய எச்சரிக்கை. 2023-ல் வந்த ஏற்பாடு அது. பிள்ளைகள் மனதில் நிற்பது கும்மாளம்தான். என் மகனின் நண்பர்கள் நாளைய ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஆட்டக்காரனின் ஃபார்மைச் சொல்வதில்லை, 'ஆட்ஸ்' சொல்கிறார்கள், ஜெயித்தால் ஒன்றுக்கு எத்தனை கிடைக்கும் என்கிற பந்தயக் கணக்கு. அவர்களுக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயதுகூட ஆகவில்லை. எனக்கு வயிறு எரிகிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. மெல்பர்னின் டன்க்லி தொகுதி லேபர் எம்.பி. பீட்டா மர்ஃபி தலைமையில் ஒரு நாடாளுமன்றக் குழு ஆன்லைன் சூதாட்டத்தை விசாரித்து, 2023 ஜூனில் 31 பரிந்துரைகள் கொடுத்தது. அவற்றில் முக்கியமானது, மூன்று ஆண்டுகளில் படிப்படியாக ஆன்லைன் சூதாட்ட விளம்பரங்களுக்கு முழுத் தடை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லாமல் குழுவில் இருந்த எல்லோரும் ஒப்புக்கொண்ட அறிக்கை அது. கான்பெராவில் இப்படி ஒரு ஒற்றுமை லேசில் அமையாது. மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே அந்த வேலையைச் செய்து முடித்தவர் மர்ஃபி. அதே ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். அவருடைய சொந்தக் கட்சிதான் ஆட்சியில் இருந்தது. ஜான் ஹோவர்டும் மால்கம் டர்ன்புல்லும்கூட, இருவரும் லிபரல் கட்சிப் பிரதமர்களாக இருந்தவர்கள், முழுத் தடை கேட்டு 2024-ல் பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அப்படியிருந்தும் 2025 மே மாதத் தேர்தல் வந்தபோது தடைக்கான மசோதாவை அரசு நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்திருக்கவில்லை.

எதிர்ப்பவர்கள் சொல்வது இதுதான்: விளம்பரப் பணம் நின்றால் விளையாட்டு படுத்துவிடும், இலவச டிவி சேனல்கள் மூடப்படும். இதே பாட்டை இந்த நாடு முன்பும் கேட்டிருக்கிறது.

நம்மில் நாற்பதைத் தாண்டிய கிரிக்கெட் ரசிகர்கள் 1992 உலகக் கோப்பையை மறந்திருக்க மாட்டார்கள். கலர் சட்டை, இம்ரான் கான் கையில் கண்ணாடிக் கோப்பை. அந்தப் போட்டியின் பெயரே பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் உலகக் கோப்பை. சிகரெட் கம்பெனி! சிட்னியில் ரக்பி லீக் பட்டத்துக்கு வின்ஃபீல்ட் கோப்பை என்று பெயர், அதுவும் சிகரெட்தான். அன்றைக்கும் விளையாட்டு அழிந்துவிடும் என்றார்கள். விக்டோரியா மாநிலம் என்ன செய்தது தெரியுமா? 1987-ல் புகையிலை மேல் ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விக்ஹெல்த் என்ற அமைப்பைத் தொடங்கி, சிகரெட் கம்பெனிகள் கிளப்புகளுக்குக் கொடுத்துவந்த ஸ்பான்சர் தொகையைத் தானே கொடுத்து அவர்களை வெளியேற்றியது. 1992-ல் நாடு முழுவதற்கும் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம் வந்தது. விளையாட்டு செத்தா போனது? 2025 முதல் 2031 வரை ஒளிபரப்பு உரிமைக்காக மட்டும் ஃபுட்டி லீக்கான ஏ.எஃப்.எல். போட்ட ஒப்பந்தம் 450 கோடி டாலர்.

போக்கீஸ் மெஷின், அதாவது காசு போட்டு ஆடும் சூதாட்ட மெஷின் விஷயத்திலும் இதே கதைதான். நார்த் மெல்பர்ன் ஃபுட்டி கிளப் 2008-லேயே அந்த மெஷின்களைக் கைவிட்டது. காலிங்வுட்டும் ஹாதோர்னும் பின்னால் விலகின. மூன்று அணிகளும் இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் தயக்கம் ஏன்? என் பார்வையில் காரணம் பயமும் பணமும். 2010-ல் பெரும்பான்மை இல்லாத லேபர் பிரதமர் ஜூலியா கில்லார்ட், சுயேச்சை எம்.பி. ஆண்ட்ரூ வில்கியின் ஆதரவுக்காக, போக்கீஸ் ஆடுகிறவர் தன் பண வரம்பை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு வாக்கு கொடுத்தார். போக்கீஸ் வைத்திருந்த கிளப்புகள் தொகுதி தொகுதியாகப் பிரசாரத்தில் இறங்கின, இது ஆஸ்திரேலியத்தனமே இல்லை என்று. 2012 ஜனவரியில் அரசு பின்வாங்கிவிட்டது. அந்தச் சூடு இன்னும் அரசியல்வாதிகளுக்கு ஆறவில்லை. பணம் என்று நான் சொல்வது வேறு. ஏ.எஃப்.எல்., ரக்பி லீக்கின் என்.ஆர்.எல். இரண்டுக்கும் தங்கள் ஆட்டங்கள் மேல் கட்டப்படும் பந்தயத்திலிருந்தே ஒரு பங்கு போகிறது. பந்தயம் கூடக்கூட வரவும் கூடும் என்றால், விளம்பரத்தைக் குறை என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

முழுத் தடைக்குத் தயங்கும் இதே லேபர் அரசுதான் பதினாறு வயதுக்குக் கீழே யாருக்கும் சமூக ஊடகக் கணக்கு கிடையாது என்று சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. மெட்டா, டிக்டாக் போன்ற ராட்சதக் கம்பெனிகளை எதிர்க்க முடிந்தவர்களுக்கு டார்வினில் லைசென்ஸ் வாங்கித் தொழில் நடத்தும் பந்தயக் கம்பெனிகளை எதிர்க்க முடியாது என்பதை நான் நம்பத் தயாரில்லை.

இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம், குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்கும்தான். சிட்னியின் டூங்காபி, பெண்டில் ஹில் பக்கமோ மெல்பர்னின் தென்கிழக்கிலோ இருந்தால், உங்கள் எம்.பி. அடுத்த முறை நம் பொங்கல் விழாவுக்கு வந்து மேடையில் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கும்போது, மர்ஃபி அறிக்கையின் முழுத் தடைக்கு ஆதரவா இல்லையா என்று நின்று கேளுங்கள். பதிலை இங்கே கமெண்டில் போடுங்கள். நானும் என் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் அப்படியே பதிவிடுகிறேன்.